இருபத்தைந்து சென்ட்டில் ஐந்து சென்ட்: கலிபோர்னியாவின் சிகரெட் வரி, 1988–1996

ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி. அதில் 5 சென்ட், புகைப்பழக்கத்தைத் தடுக்கும் கல்விக்கு. 1988 நவம்பர் 8 அன்று கலிபோர்னியா மாநில வாக்காளர்களில் 58.2 சதவீதம் பேர் இதற்குச் சரி என்று வாக்களித்தார்கள். புகையிலைத் தடுப்பு வேலையில் இருப்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் இந்த வெற்றியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த 5 சென்ட்டைக் காப்பாற்ற அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் நடந்த போராட்டம்தான் நமக்கு அதிகம் பயன்படும் என்று நான் நினைக்கிறேன். அதனால் தேர்தல் வரையிலான பகுதியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டு, பின்னால் நடந்ததற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். இதில் வருகிறவர்களை அவர்களுடைய பொறுப்பைக் கொண்டு மட்டும் குறிப்பிடுகிறேன், பெயர் சொல்லவில்லை.

பின்னணி

கலிபோர்னியாவில் சிகரெட் வரி 1967-இல் பாக்கெட்டுக்கு 10 சென்ட் என்று ஆனது. அதன் பிறகு இருபது ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. விலைவாசி ஏற ஏற அந்தப் 10 சென்ட்டின் மதிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. அந்த மாநிலச் சட்டமன்றத்தில் வரியை உயர்த்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். அதாவது, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டால் சிகரெட் கம்பெனிகளுக்குப் போதும். தேர்தல் நிதி தாராளமாகக் கொடுத்துவந்த அவர்களுக்கு அது கஷ்டமான காரியமாக இருக்கவில்லை.

ஆனால் அங்கே இன்னொரு வழி உண்டு. நம் ஊரில் இல்லாத வழி. போதுமான வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், ஒரு சட்டத்தைச் சட்டமன்றத்தைத் தாண்டி நேராக மக்கள் வாக்குக்கே கொண்டுபோகலாம். பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்த 1978-லும் 1980-லும் இந்த வழியில் முயன்றார்கள். இரண்டு முறையும் ஆரம்பத்தில் மக்கள் ஆதரவு நன்றாகத்தான் இருந்தது. கம்பெனிகளின் விளம்பரங்கள் வர ஆரம்பித்ததும் அது கரைந்து, இரண்டு முறையும் தோற்றார்கள். மக்கள் மனத்தில் ஆதரவு இருப்பது வேறு, அது தேர்தல் நாள்வரை தாக்குப்பிடிப்பது வேறு என்பதை அந்த இரண்டு தோல்விகளும் காட்டியிருந்தன.

கூட்டணி உருவானது

இந்த வரிக்கான யோசனை ஒரு சுற்றுச்சூழல் அமைப்பிலிருந்து கிளம்பியது. பூங்காக்களுக்கும் வனவிலங்குகளுக்கும் நிலையான பணம் தேடிக்கொண்டிருந்த அந்த அமைப்பின் பிரதிநிதிக்கு சிகரெட் வரி கண்ணில் பட்டது. மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் நுரையீரல் சங்கத்துக்காகச் சட்டமன்ற வேலை பார்த்துவந்தவர் இதற்குக் கை கொடுத்தார். வரி உயர்வில் ஆர்வமுள்ள ஒரு சட்டமன்ற உறுப்பினரும் சேர்ந்தார். முதலில் சட்டமன்றத்திலேயே முயன்று பார்த்தார்கள், எதிர்பார்த்தபடியே அங்கே நகரவில்லை. அப்புறம்தான் கையெழுத்து.

கையெழுத்து இயக்கத்துக்கு ஆளும் பணமும் வேண்டும். புற்றுநோய்ச் சங்கம், நுரையீரல் சங்கம், இதய சங்கம் மூன்றுக்கும் நல்ல பெயர் இருந்தது, ஊர் ஊராகத் தொண்டர்கள் இருந்தார்கள். பெரிய பணம் இல்லை. மருத்துவமனைகளின் சங்கத்திடமும் மருத்துவர் சங்கத்திடமும் பணம் இருந்தது. காப்பீடு இல்லாத ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்துவிட்டுப் பணம் வராமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வரிப் பணத்தில் பங்கு என்றால் வருகிறோம் என்றார்கள்.

இங்கேதான் முதல் பெரிய முடிவு. பணத்தை எப்படிப் பிரிப்பது? கடைசியில் எழுதிவைத்த கணக்கு இது: மருத்துவமனைச் செலவுக்கு 35 சதவீதம், மருத்துவர் கட்டணத்துக்கு 10, சுகாதாரக் கல்விக்கு 20, ஆராய்ச்சிக்கு 5, சுற்றுச்சூழலுக்கு 5. மீதி 25 சதவீதத்தை இவற்றில் எதற்கு வேண்டுமானாலும் சட்டமன்றம் ஒதுக்கலாம். பாக்கெட் கணக்கில் பார்த்தால் கல்விக்கு 5 சென்ட், சிகிச்சைக்குக் குறைந்தது 11 சென்ட்டுக்கு மேல்.

இந்த விகிதத்தைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதினார்கள். அதை மாற்ற வேண்டுமானால் சட்டமன்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு வேண்டும், மாற்றம் சட்டத்தின் நோக்கத்துக்கு ஒத்தும் இருக்க வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டார்கள். இந்தப் பூட்டைப் போட்டவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். அது இல்லாவிட்டால் பின்னால் நீதிமன்றத்தில் நிற்க இடமே கிடைத்திருக்காது.

பிரசாரம்

11 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் வந்து சேர்ந்தன. வாக்குச்சீட்டில் இதற்கு 99-ஆம் எண் கிடைத்தது.

சிகரெட் கம்பெனிகள் எதிர்ப்பிரசாரத்துக்கு 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தன. ஆதரவுக் கூட்டணியிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பெனிகளின் விளம்பரங்களில் சிகரெட் நல்லது என்று ஒரு வரிகூடக் கிடையாது. வரி ஏறினால் கடத்தல் பெருகும், ரவுடிக் கும்பல்கள் கொழுக்கும் என்றார்கள். பணம் டாக்டர்களின் பைக்குத்தான் போகும் என்றார்கள். ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில், ரகசியப் பிரிவுப் போலீஸ்காரர் என்று ஒருவர் வந்து, இந்த வரியால் குற்றங்கள் கூடும் என்று எச்சரித்தார். அவர் போலீஸ்காரர்தான், ஆனால் மேசை வேலையில் இருந்தவர். சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களிலும் நடித்திருந்தார். பத்திரிகைகள் இதைத் தோண்டி எடுத்ததும் விளம்பரம் கம்பெனிகளுக்கே பாதகமாகத் திரும்பியது.

கூட்டணி திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்றுதான்: பிள்ளைகள் சிகரெட்டைத் தொடாமல் இருக்க இந்தப் பணம் பயன்படும். புற்றுநோய், நுரையீரல், இதய சங்கங்களின் பெயர்கள் இதற்குப் பின்னால் இருந்தன. 'டாக்டர்களுக்குப் பணம்' என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், 10 சதவீதம் அங்கேதான் போனது. என்றாலும் யார் சொல்வதை நம்புவது என்ற கேள்வி வந்தபோது மக்கள் கம்பெனிகளை நம்பவில்லை. 1989 ஜனவரி 1 முதல் வரி 35 சென்ட் ஆனது.

முதல் விரிசல், 1989

வரி வசூல் ஆண்டுக்கு 50 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த மாநிலத்திலும் புகைத்தடுப்புக் கல்விக்கு இப்படிப் பணம் வந்ததில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்த ஒரு மசோதா தேவைப்பட்டது. பேச்சுவார்த்தை சட்டமன்றத்தின் உள்ளே, மூடிய அறைகளில் நடந்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அந்த அறையில் இடமில்லை.

மருத்துவத் தரப்பு கல்விக் கணக்கிலும் கண் வைத்தது. அவர்கள் கொண்டுவந்த வழியைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்த ஊரிலும் இதே மாதிரிதான் நடக்கும். ஏழைக் குழந்தைகளுக்கு உடல் பரிசோதனை செய்யும் ஒரு நல்ல திட்டம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பரிசோதனையின்போது டாக்டர் புகையிலையைப் பற்றியும் கேட்டுச் சொன்னால், அதுவும் சுகாதாரக் கல்விதானே? அப்படியானால் அந்தப் பரிசோதனைச் செலவைக் கல்விக் கணக்கிலிருந்து கொடுக்கலாமே?

குழந்தைகளைப் பரிசோதிப்பதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? புற்றுநோய், நுரையீரல், இதய சங்கங்களின் பிரதிநிதிகள் இதை எதிர்த்துப் பெரிதாகச் சண்டை போடவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. அந்தச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் டாக்டர்கள் இருந்தார்கள். மற்ற மசோதாக்களுக்கு மருத்துவர் சங்கத்தின் தயவு வேண்டியிருந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றுவதுதான் சாக்ரமெண்டோவின் வழக்கம். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பல வருடம் அந்த மாளிகையில் வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் நடைமுறை அறிவு. ஆனால் 5 சென்ட்டில் ஒரு ஓட்டை விழுந்தது அன்றைக்குத்தான்.

திட்டம் கண்ட பலன்

குறைகள் இருந்தாலும் வேலை தொடங்கியது. 58 மாவட்டங்களிலும், தனி சுகாதாரத் துறை வைத்திருந்த 3 நகரங்களிலும், ஆக 61 உள்ளூர் சுகாதார அமைப்புகளுக்குப் பணம் போனது. ஒவ்வொன்றும் தன் ஊர் மக்களைக் கொண்டு ஒரு கூட்டணி அமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கறுப்பின, ஆசிய, லத்தீன், பழங்குடிச் சமூகங்களுக்குத் தனித்தனி வலையமைப்புகள் உருவாயின. 1992-இல் தொலைபேசி உதவி எண் வந்தது, காலப்போக்கில் ஆங்கிலம் மட்டுமல்லாமல் ஸ்பானிஷ், சீனம், கொரியன், வியட்நாமிய மொழிகளிலும் பேசும் ஆட்களோடு.

1990 ஏப்ரலில் தொடங்கிய விளம்பர இயக்கம் யாரும் எதிர்பார்க்காததாக இருந்தது. ஒரு விளம்பரத்தில் புகை மண்டிய அறை. மேசையைச் சுற்றிக் கோட்டு போட்ட அதிகாரிகள். தலைவர் கணக்குச் சொல்கிறார்: தினமும் இத்தனை பேர் சிகரெட்டை விட்டுவிடுகிறார்கள், இன்னும் இத்தனை பேரும் 'விட்டுவிடுகிறார்கள்', சரியாகச் சொன்னால் இறந்துபோகிறார்கள். ஆகவே நமக்குத் தினமும் 3,000 புதிய ஆட்கள் வேண்டும். அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்து 'புகைக்காதே' என்று அரசு அதுவரை உபதேசம் செய்துவந்தது. இந்த விளம்பரம் விரலை விற்பவன் பக்கம் திருப்பியது.

புகைத்தவர்கள் எண்ணிக்கையும் சிகரெட் விற்பனையும் மற்ற மாநிலங்களைவிட வேகமாக இறங்கின. விலை ஏற்றமும் விளம்பரமும் உள்ளூர்க் கூட்டணிகளும் சேர்ந்து செய்த வேலை அது. ஊர் ஊராகப் பணியிடங்களில் புகைக்கத் தடை வந்தது. கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? பின்னாளில் வெளிவந்த அவர்களுடைய உள் ஆவணங்களிலிருந்து, கல்விப் பணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பிவிடுவதை ஒரு வழியாகவே அவர்கள் யோசித்திருந்தார்கள் என்று தெரிகிறது.

சரிவு, 1991–1995

1991-இல் மாநிலத்துக்குப் பெரும் பற்றாக்குறை, ஏறக்குறைய 1,400 கோடி டாலர். மருத்துவச் செலவுக்குப் பணம் இல்லை என்ற குரல் உயர்ந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய சட்டம் கல்விக் கணக்கிலிருந்து இன்னும் அதிகமாக எடுத்துச் சிகிச்சைக்குக் கொடுத்தது.

1992 ஜனவரியில் ஆளுநர் விளம்பர இயக்கத்தையே நிறுத்தினார் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர், நம் முதலமைச்சர் மாதிரி). நுரையீரல் சங்கம் வழக்குத் தொடுத்தது. மாநில அரசின் நண்பராகப் பழகிவந்த ஒரு சங்கம் அந்த அரசின் மீதே வழக்குப் போடுவது சின்ன முடிவல்ல. சில மாதங்களில் சங்கம் ஜெயித்தது, விளம்பரங்கள் திரும்பி வந்தன. ஆனால் பழைய கூர்மை மழுங்கிவிட்டது.

1994-இல் இன்னொரு சட்டம், இன்னும் பெரிய திருப்பிவிடல். இந்த முறை வழக்குப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் அந்த மாநிலத்தின் பெர்க்லி நகரைச் சேர்ந்த, புகைக்காதோர் உரிமைகளுக்கான அமைப்பு. ஊர்க் கூட்டங்களிலும் நகரசபைகளிலும் வளர்ந்த இயக்கம் அது. மருத்துவர் சங்கத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாததால் பகிரங்கமாகப் பேச முடிந்தது. வாக்காளர்கள் 20 சதவீதம் என்று எழுதிவைத்ததைச் சட்டமன்றம் மாற்ற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு வேறொரு சட்டத்தின் வழியாக மறுபடி எடுக்கப் பார்த்தார்கள். மறுபடி வழக்கு, மறுபடி நீதிமன்றம் அரசுக்கு எதிராக நின்றது.

வழக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தபோதே களத்தில் பணம் இல்லாமல் வேலை நின்றுபோயிருந்தது. நான் வாசிக்கும்போது மனம் கனத்த இடம் இதுதான். 2000-இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக் காட்டியது: 1989 முதல் 1997 வரை இதய நோயால் நேர்ந்திருக்க வேண்டிய சாவுகளில் சுமார் 33,300 தவிர்க்கப்பட்டன. 1992-க்குப் பிறகு திட்டம் பலவீனமடையாமல் இருந்திருந்தால் இன்னும் 8,300 பேர் பிழைத்திருப்பார்கள்.

இந்த நடுவில் மக்கள் ஆதரவு குறைந்துவிட்டதா என்றால் இல்லை. 1994 நவம்பரில் ஒரு பெரிய சிகரெட் கம்பெனி தானே கையெழுத்து வாங்கி, உள்ளூர்ப் புகைத்தடைகளை ரத்து செய்யும் ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தது. புகைக்கு எதிரான சட்டம் என்று சொல்லியே கையெழுத்து வாங்கினார்கள். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மக்கள் பத்தில் ஏழு பேர் அதை நிராகரித்தார்கள். ஆதரவு அப்படியே இருந்தது. 5 சென்ட் எங்கே போகிறது என்று அந்த ஆதரவாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திருப்பம், 1996

பெர்க்லி அமைப்பும் புற்றுநோய்ச் சங்கமும் இதய சங்கமும் அப்போது ஒரு முடிவுக்கு வந்தன. உள்ளே பேசிப் பயனில்லை, வெளியே போவோம். செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். ஆளுநர், சட்டமன்றத் தலைவர்கள், மருத்துவர் சங்கம் என்று யார் யார் வாக்காளர்களின் பணத்தை எடுக்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

மருத்துவர் சங்கத்தைப் பகிரங்கமாகக் குறைசொல்வது அதுவரை யாரும் துணியாத காரியம். மக்களின் நம்பிக்கையைப் பெற்ற சங்கங்களே சொன்னதால் அது சுட்டது. சாதாரண டாக்டர்கள் பலருக்கு, தங்கள் பெயரில் இப்படி நடக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. உறவு முறிந்துவிடுமோ என்ற பயம் ஏழு வருடமாக மூன்று சங்கங்களையும் கட்டிப்போட்டிருந்தது. முறிய வேண்டிய உறவு முறிந்தது, சங்கங்கள் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆளுநர் இறங்கி வந்தார். 1996–97 பட்ஜெட்டில் முதல் தடவையாகக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டத்தில் எழுதியிருந்த பங்கு முழுதாகக் கிடைத்தது.

வாக்கெடுப்பு நடந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலாவது, வரியை விலைவாசியோடு கட்டியிருக்க வேண்டும். 25 சென்ட் என்று எண்ணாகவே எழுதியதால் அதன் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. அதோடு, திட்டம் ஜெயிக்க ஜெயிக்க சிகரெட் விற்பனை குறைகிறது, வசூலும் குறைகிறது. 5 சென்ட் முழுதாகக் கைக்கு வந்த காலத்திலேயே அது 1989-இன் 5 சென்ட்டாக இல்லை.

கணக்குகளின் எல்லையையும் இன்னும் இறுக்கமாக வரையறுத்திருக்கலாம். 'சுகாதாரக் கல்வி' என்ற சொல் அகலமானது. டாக்டரின் அறையில் கேட்கும் ஒரு கேள்வியும் அதற்குள் நுழைந்துவிட்டது. எதற்கு இந்தப் பணத்தைத் தரக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் 1989-இல் அந்த ஓட்டை விழுந்திருக்காது.

என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய பிழை, தேர்தல் முடிந்ததும் கூட்டணியைக் கலைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிய தொண்டர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் சிரமப்பட்டுத் திரட்டிய முகவரிகளும் தொடர்புகளும் 1989-இல் சும்மா கிடந்தன. ஆண்டுக்கு ஒரு தடவை, பட்ஜெட் வரும் மாதத்தில், 'நீங்கள் வாக்களித்த 5 சென்ட் இந்த வருடம் எங்கே போயிருக்கிறது' என்று ஒரு அஞ்சலட்டை அனுப்பியிருந்தால்கூட மூடிய அறையில் இருந்தவர்களின் பேச்சு மாறியிருக்கும். 1996-இல் முழுப்பக்க விளம்பரம் செய்தது இதைத்தான். 1989-இல் இதைவிட மிகக் குறைந்த செலவில் செய்திருக்கலாம்.

மருத்துவத் தரப்பைக் கூட்டணியில் சேர்த்தது தவறா என்று பலர் கேட்பதுண்டு. தவறில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் இல்லாமல் அத்தனை கையெழுத்துகள் வந்திருக்குமா என்பது சந்தேகம். காப்பீடு இல்லாதவருக்குச் சிகிச்சை தேவை என்பதும் உண்மையான தேவைதான். வரி வந்த பிறகு கூட்டாளிகளின் நலன்கள் மோதும் என்பதை முன்பே எதிர்பார்த்து, அதற்கான விதிகளைப் பேசி முடிக்காததுதான் குறை.

பிறகு வந்த தேர்தல்களில் இதே கேள்வி வேறு வேறு உருவில் திரும்பியது. 2012 ஜூனில் இன்னொரு டாலர் வரி, பெரும்பகுதி புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று கேட்டார்கள். கம்பெனிகள் 4 கோடி டாலருக்கு மேல் இறக்கின. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர் திரையில் வந்து, பணம் வெளிமாநிலத்துக்கும் போகலாம், சரியான கண்காணிப்பு இல்லை என்றார். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் சுமார் 24,000 வாக்கில் வரி தோற்றது. இந்த முறை மக்கள் தயங்கியது வரிக்காக அல்ல, பணம் எங்கே போகும் என்பதற்காக என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2016-இல் 2 டாலர் கேட்டார்கள். கம்பெனிகள் 7 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தும் 64 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். இடையில் 87 சென்ட்டாக ஏறியிருந்த வரி 2 டாலர் 87 சென்ட் ஆனது. 2017 ஏப்ரல் 1 முதல் வசூல் தொடங்கியது. பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவத் திட்டத்துக்கு. அந்தப் பணத்தைத் திட்டத்தின் வழக்கமான செலவு உயர்வுக்கே பயன்படுத்த அப்போதைய ஆளுநர் பட்ஜெட்டில் எழுதினார். வாக்காளர்கள் சொன்னது இதையல்ல என்று இந்த முறை குரல் கொடுத்தது மருத்துவர்களின் சங்கம். வாக்கு எண்ணி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.